பனி உருகிய தண்ணீர்

மார்ச் மாதக் காலையில் கென்டக்கி ஏரி ஆவி விட்டுக் கிடக்கிறது. கரையோரப் பனி உருகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தூண்டிலில் சிக்கிய பாஸ் மீனைத் தூக்கக் குனிந்து தவறி விழுந்த வெர்னன், கழுத்தளவுத் தண்ணீரில் படகின் விளிம்பைப் பற்றித் தொங்குகிறான். குளிர் நெஞ்சை இறுக்குகிறது. மூச்சு வருகிறது, குரல் வரவில்லை. அவன் மெத்தென்று உட்கார மடித்துப் போட்ட மிதவைச் சட்டை மேலே படகின் இருக்கையில் கிடக்கிறது. பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்ட கைபேசி. வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி லொரெய்ன் பேசுகிறாள். "என்ன தொபுக்கடீர்னு ஒரு சத்தம்? பெரிய மீனா?" அவன் வாயைத் திறக்கிறான். பற்கள்தான் தந்தியடிக்கின்றன. படகுக்குள் தூண்டில் கம்பு தடதடவென்று துள்ளுகிறது. மீன் இன்னும் கொக்கியில்தான் இருக்கிறது. "கேக்குது, கேக்குது! மீனு மாட்டிட்டா பொண்டாட்டிகிட்ட பேச வாய் வராதே உனக்கு." அவள் சிரிக்கிறாள். அவன் வலது கை விரல்கள், அவனைக் கேட்காமலே, ஒவ்வொன்றாக விரிகின்றன. இடது கை முஷ்டியால் படகின் பக்கவாட்டில் ஓங்கிக் குத்துகிறான். ஒன்று. இரண்டு. மூன்று. "ஐயோ, அது மண்டையில அப்படிப் போட்டு அடிக்காத, பாவம்! சரி, நீ அதைப் பாரு. நான் வச்சிடறேன்." கைபேசி அடங்கிய பிறகுதான் அவனுக்குக் குரல் வருகிறது. "லொரெய்ன்..."