பக்கத்துலயே நிக்கட்டும்

"முதல்ல அந்தத் தகர டப்பாவை நகர்த்தச் சொல்லுங்க. நம்ம புதுக் கார் பக்கத்துல அது நிக்கறதா?" தனம் வாசலில் நின்றே கத்தினாள்.

அவள் கணவர் கருப்பண்ணனுக்குப் பெரம்பலூரில் வெங்காய மண்டி. புக் பண்ணி வருஷக்கணக்கில் காத்திருந்து, அன்றுதான் திருச்சியிலிருந்து புத்தம் புது அம்பாசடரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வீட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் ஏற்கெனவே நின்றது தர்மனின் வாடகைக் கார். வெள்ளைக்காரன் காலத்து மோரிஸ். ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும்.

தனத்தின் குரல் கேட்டு தர்மன் சாவியோடு ஓடி வந்தான். சவாரி பேச வருகிறவர்கள் அவனை அந்த மரத்தடியில்தான் தேடுவார்கள். அதை விட்டால் பிழைப்பு இல்லை.

"இந்தா எடுத்துடறேங்க அண்ணி."

"யாருப்பா எடுக்கச் சொன்னது?" கருப்பண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பழசும் புதுசும் சேர்ந்து நிக்கறதுதாம்ப்பா அழகு. பக்கத்துலயே நிக்கட்டும்."

தர்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களுக்கும்தான். இவ்வளவு காசு வந்தும் மனுஷனுக்குத் தலைக்கனம் வரவில்லையே என்று கொஞ்ச நாளைக்கு ஊரில் இதே பேச்சு. தேர்தலில் நிற்கச் சொல்லிக்கூடக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

சோறு போடும்போது தனம் பிடித்துக்கொண்டாள். "ஊருக்கு நல்லவரா இருக்கறதுக்கு நம்ம காருதான் கிடைச்சுதா?"

"அடி கூறுகெட்டவளே, வூடு கட்டினப்ப மாடியில என்ன கட்டி வச்சோம்?"

"திருஷ்டி பொம்மை."

"காருக்கு மட்டும் வேணாமா? இந்த ஊருக்காரன் கண்ணெல்லாம் கொள்ளிக்கண்ணு. பார்க்கறவன் கண்ணு முதல்ல அந்த அசிங்கத்து மேல விழட்டும்."

தனம் கணவரைப் பெருமையோடு பார்த்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

புதுக் காரை வேறு யாரும் தொடக்கூடாது. தினமும் காலையில் கிழிந்த பனியனும் காக்கி அரை டிராயருமாக கருப்பண்ணனே நின்று துடைப்பார். வெள்ளிக்கிழமை வந்தால், புதுசில் கட்டியிருந்த எலுமிச்சம்பழ மிளகாய்ச் சரத்தை அவிழ்த்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பழசின் பின்பக்கம் கட்டிவிடுவார். புதுசுக்குப் புதுச் சரம்.

ஒரு நாள் தர்மன் வாலிகண்டபுரம் சவாரி போயிருந்தான். அந்த நேரம் பார்த்துக் கரும்பு ஏற்றிய கட்டை வண்டி ஒன்று அம்பாசடரை உரசிவிட்டுப் போனது. கருப்பண்ணன் ஆடிப் போய்விட்டார். அன்று முதல் தர்மன் மேல் அவருக்குப் பாசம் பொங்கி வழிந்தது.

"அரியலூர் ரோட்டுல ஒரு கொட்டகை சும்மாவே தரேங்கறாங்க அண்ணே. உங்களுக்கு எதுக்கு இடைஞ்சல், நான் அங்க போயிடட்டுமா?" என்று தர்மன் கேட்டபோது கருப்பண்ணன் அழாத குறைதான்.

"எங்கயும் போயிடாதப்பா. நீ இல்லாட்டி என் காரு மூளியா நிக்குது."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலை லப்பைக்குடிகாட்டிலிருந்து ஹபிபுல்லா என்று ஒருவர் வந்தார். கருப்பண்ணன் வழக்கம்போல் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நீதானே புது பிளசர் காருக்கு டிரைவரு?"

கருப்பண்ணன் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"உன்னைத்தாம்ப்பா. துபாய்லேருந்து மருமகன் வர்றாரு. இன்ஷா அல்லாஹ், ஞாயித்துக்கிழமை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டு போகணும். தர்மன்கிட்ட புதுசைத்தான் பேசி வச்சிருக்கேன்."

"தர்மன்கிட்டயா?"

"அவரு வண்டிக்கு அவருகிட்டதானே பேசணும்? எங்க ஊருல யாரு புதுசைப் பேசினாலும் கடைசி நேரத்துல பழசுதான் வந்து நிக்குது. கேட்டா, புதுசோட டிரைவருக்கு வயித்து வலிங்கறாரு. அதான் உன்னையே நேர்ல பார்த்துச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நீ துடைக்கறதைப் பார்த்தா பொறுப்பான ஆளாத்தான் தெரியுது. காலையில ஓமத் தண்ணி குடிச்சிட்டு வந்துடு, என்ன?"

தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். டீக்கடையில் யாருக்கோ புரையேறியது.

கொஞ்ச நேரத்தில் தர்மன் வந்தான். கருப்பண்ணன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"ஏண்டா, என் காரைக் காட்டியாடா சவாரி பிடிக்கிற? என்னை டிரைவர்னு வேற சொல்லியிருக்க! போனாப் போகுதுன்னு பக்கத்துல எடம் விட்டேனே, கொஞ்சமாவது நன்றி இருக்காடா உனக்கு?"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடு என்று சொல்ல வாய் வரை வந்தது. கரும்பு வண்டி ஞாபகம் வரவும் அதை முழுங்கிவிட்டார்.

தர்மன் தன் காரின் பின்பக்கம் போனான். அங்கே வாடித் தொங்கிய எலுமிச்சம்பழச் சரத்தை அவிழ்த்துக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தான்.

"முதல் வெள்ளிக்கிழமை நீங்க இதைக் கட்டறதைப் பார்க்கற வரைக்கும் உங்களைச் சாமி மாதிரிதான் நினைச்சிருந்தேன் அண்ணே."

கருப்பண்ணன் சரத்தைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"திருஷ்டி பொம்மையாவே இருந்துட்டுப் போறேன், பரவால்ல. ஆனா அந்தப் பொம்மைக்குக்கூட, வயித்துல நாலு பிடி வைக்கோல் திணிச்சுத்தானே அண்ணே நிக்க வைப்பாங்க?"