ஐந்தருவியில் நனையாதவள்

ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த சுபாஷ், துணிப்பையோடு தள்ளி உட்கார்ந்திருந்த மனைவியிடம் கேட்டான்.

“சாரல் எப்பம் வரும்னு நச்சரிச்சே. இப்பம் குளிக்க மாட்டேங்கியே, ஈஸ்வரி?”

“ஒரே கூட்டமா கெடக்கு.”

“எம்மேல கோவம். காலையிலயும் சந்தைக்குப் போனவ காய் வாங்காமத் திரும்பி வந்தே.”

ஈஸ்வரி முந்தானையை இடது கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தது தப்புதான். ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டும், பதினெட்டு வருசத்துல இன்னைக்குத்தான் போவல. போன மாசம் பல்லு புடுங்கிட்டேன்லா, ஆறு மாசம் ரத்தம் கொடுக்கக் கூடாதாம். பிரசவத்துக்கு வந்த பிள்ளை பாவம், யாரு போனாவளோ?”

“ஊருக்கெல்லாம் கைய நீட்டுங்க. வீட்டுல தேங்கா துருவச் சொன்னா மட்டும் கை வலிக்கும்.”

“ஊசியக் கண்டாலே மயங்கி விழுதவ நீ. உனக்கென்ன தெரியும்?”

ஈஸ்வரி முந்தானையை விலக்கி இடது கையை நீட்டினாள். முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“இன்னைக்கு நனைக்கக் கூடாதாம். கண்ண இறுக்க மூடிக்கிட்டேன். உங்க பேரச் சொன்னதும் நர்சம்மா கடைசிவரைக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டாவ. தாயும் பிள்ளையும் சொகமா இருக்காவளாம்.”

சுபாஷ் மறுபடி அருவிக்குப் போகவில்லை. பையிலிருந்து காய்ந்த துண்டை எடுத்து, சாரல் படாமல் அவள் முழங்கையில் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.