கூரைக்கு மெத்தை

"உங்களுக்கென்ன மூளை கலங்கிடுச்சா?"

மாடி வீட்டுக்காரரின் மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது. வழுக்கி விழுந்து முட்டி உடைந்ததிலிருந்து அவள் படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறாள். இப்படியே ஏறி இறங்கினால் இன்னொரு ஆபரேஷன்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கணவரோ கையிலிருந்த சேமிப்பையெல்லாம் மொட்டை மாடியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என் காலுக்கு வழி பண்ணச் சொன்னா, கூரைக்கு மெத்தை போடுறீங்களே!"

"வெயில் தாங்கலைம்மா."

"இத்தனை வருஷம் தாங்கினோமே! உங்க அண்ணன்கிட்ட இன்னொரு தடவை கேட்டா என்ன?"

கேட்காமலா இருந்தார்? கீழ் வீட்டில் இருப்பது அவருடைய அண்ணன்தான். வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாயிற்று.

"அந்த அடுப்புல எங்களைப் போய் வேகச் சொல்றியா? மூத்தவன் கீழேதான் இருப்பான்" என்று பேச்சை முடித்துவிட்டார் அண்ணன்.

கொத்தனாருக்கும் இதில் சந்தேகம். "சார், ரூமுக்குள்ள சீலிங் அடிச்சா சுலபமா முடிஞ்சிடும். செலவும் குறைச்சல்."

"வேணாம். மேலேதான் போடணும்."

கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டே மேலே போனார். கான்கிரீட்டின் மேல் நீர் கசியாத பூச்சு, அதன் மேல் கெட்டியான தெர்மோகோல் பலகை, அதற்கு மேல் சிமெண்டுக் கலவை, கடைசியில் பளிச்சென்று வெள்ளை டைல்ஸ்.

"போன வருஷம் வாங்கின சாய்வு நாற்காலி எங்கே? கீழே. ஜன்னல் திரை எங்கே? அதுவும் கீழே. நம்மகிட்ட எது நல்லா இருந்தாலும் உங்க அண்ணிக்குப் பொறுக்காது. கூரையையாவது தூக்கிட்டுப் போக முடியாது, அதுவரைக்கும் சந்தோஷம்!" என்று பொருமினாள் மனைவி.

வேலை முடிந்த மறுநாள், துணி காயப்போட அண்ணி மேலே வந்தார். உச்சி வெயில். செருப்பைக் கழற்றி ஒரு காலை வைத்துப் பார்த்தார். சுடவில்லை. இரண்டு காலையும் வைத்தார். ஈரத் துணியைப் பக்கெட்டிலேயே விட்டுவிட்டு நேராக மாடி வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஃபேன்கூடப் போடலை, இப்படி ஜில்லுன்னு இருக்கே! காத்து வேற வருது. எங்க வீட்டுல புழுங்கிச் சாகுறோம் தம்பி."

"ஆமாம் அண்ணி. இனிமே யாரு கூப்பிட்டாலும் நாங்க இங்கேயிருந்து அசையறதா இல்லை."

அண்ணி சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலமே கீழ் வீட்டில் பாத்திரங்கள் பலமாகப் பேசின.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் படியேறி வந்தார். முகம் முழுக்க இரக்கம்.

"டேய், உன் பொண்டாட்டி படியில இறங்குறதைப் பார்த்தா மனசு தாங்கலைடா. நீங்க கீழே வந்துடுங்க. கஷ்டத்தை நாங்க பட்டுக்கறோம்."

"வேணாம்ண்ணே. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"பேசாதே! மூத்தவன் சொன்னா கேட்கணும்" என்றார் அண்ணன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

எதிர் வீட்டுக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணனா!"

சாமான்கள் இடம் மாறின. கீழ் வீட்டு வாசலில் ஒரு படிகூட ஏறாமல் நேராக உள்ளே நடந்து வந்தாள் மனைவி. நின்று அழுதேவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

"கடைசியில அவங்க குளுகுளுன்னு இருக்கத்தான் நாம செலவு பண்ணியிருக்கோம். கொத்தனார் சொன்ன மாதிரி உள்ளே சீலிங் போட்டிருந்தா, செலவாவது குறைஞ்சிருக்கும்."

கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ளே போட்டிருந்தா, துணி காயப்போட வர்ற அண்ணி கண்ணுல எப்படிப் படும்?"