கூச்சப்படாம கேளுங்க!

குடும்பத்தோடு போய் வெளிநாட்டில் முதன்முறையாக வாடகைக் கார் ஓட்டப்போகும் கிளார்க்குக்கு மேனேஜர் பாடம் எடுத்தார்.

"சின்னக் காரா எடுங்க. ஹோட்டல் வேண்டாம். காலை டிபனோட வீட்டுலயே ரூம் தர்றவங்ககிட்ட தங்குங்க. எதையும் கூச்சப்படாம கேட்டு வாங்கணும். நான் தலையணையை மாத்தச் சொன்னேன், முட்டை வேகலைன்னு திருப்பி அனுப்பினேன். அந்தம்மா முகம் சுளிக்கலையே!"

"அட்ரஸ் குடுங்க சார், நாங்களும் அங்கேயே தங்கறோம்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "கிளம்பறப்போதான் தெரிஞ்சுது, நான் புக் பண்ணினது பக்கத்து வீடு."

"அப்புறம் அந்தம்மா ஏன் சார் உங்களைப் பொறுத்துக்கிட்டாங்க?"

"அவங்களும் தமிழ்க் குடும்பம். அவங்க பொண்ணுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையோட அப்பா அம்மான்னு என்னையும் என் மனைவியையும் நினைச்சுட்டாங்க. நேர்ல பார்த்ததில்லையாம்."

"நிஜ சம்பந்தி வரலையா?"

"வந்தாங்க. ரூம் காலியில்லைன்னு நான்தான் வாசலோட திருப்பி அனுப்பிட்டேன்."