மூன்றாவது பாட்டின் நடுவில்

1984 ஜூனில் பெல்ஜியத்திலிருந்து விவேகானந்தனின் தம்பி அனுப்பிய பாட்டுக் கசற் வந்தது. முன்பு அனுப்பியது போன வருடக் கலவரத்தில் வீட்டோடு எரிந்துவிட்டதால், அதே இசைக்குழுவின் அதே பாட்டுகளை மறுபடி வாங்கி அனுப்பியிருந்தான்.

அம்பிட்டியவில் வாடகைக்கு எடுத்த வீட்டில், ஞாயிறு பின்னேரம் அவர் அதைப் போட்டார். வயலினும் ஆர்மோனியமும் இருட்டில் ஒன்றையொன்று தேடுவதுபோல் முனகின. டிரம்ஸ் எந்தத் தாளத்திலும் அடங்காமல் அடித்தது. மனைவி பத்மாதேவி பக்கத்தில் இருந்தாள். அகதி முகாமிலிருந்து வந்தபிறகு அவள் சிரித்ததே இல்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் கசற்றிலிருந்து ஒரு பெண்குரல், "என்னப்பா இது, பேய் வீட்டுக் கலியாணமே?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

பத்மாதேவி நிமிர்ந்தாள். "அது நானப்பா. பழைய வீட்டில இருந்து கேக்கேக்க சொன்னது."

"ஓம்," என்றார் அவர். "ஆனா நாங்கள் ஒண்டும் பதியேல்லையே."

கசற்றில் சிரிப்பு நிற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்தபடி, "திருப்பிப் போடுங்கோ," என்றாள்.

அவர் பின்னால் சுற்றிவிட்டுப் போட்டார். இந்த முறை கசற்றில் அதே இடத்தில் அவள் சிரிப்போடு அவருடைய சிரிப்பும் கேட்டது. அவர் இன்னும் சிரிக்கத் தொடங்கியிருக்கவில்லை.