தோற்கிற கம்பெனி

“எப்பவும்போல உன்னோடதுல ஒரு பக்கத்துல கையெழுத்த விட்டுடு,” என்றார் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடியே.

நான் தலையாட்டினேன்.

ஒரே ஒரு டெண்டர் வந்தால் ஆபீஸில் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். குறைந்தது இரண்டு வர வேண்டும். அதற்காகப் பிறந்ததுதான் என் கம்பெனி. ஜெயிக்க அவர் கம்பெனி, தோற்க என் கம்பெனி. லெட்டர்பேட் உண்டு, சீல் உண்டு, முதலாளி என்று நானும் உண்டு. இதுவரை ஒரு ஆணிகூட அடித்ததில்லை.

தோற்பது ஒன்றும் சும்மா வராது. தொகையைக் கூட்டிப் போட்டால் மட்டும் போதாது என்பார் இவர். பேரம் பேச என்னைக் கூப்பிட்டுத் தொலைப்பார்களாம். ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லையென்றால் பேச்சே கிடையாது, தள்ளுபடி. வந்தது இரண்டு, தேறியது ஒன்று. எல்லாம் சட்டப்படி.

இரண்டு கட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். இப்போதெல்லாம் எங்கள் மேசையில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

வேலை என்னவோ சின்னதுதான். பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கைப்பிடி. மாடியில் சின்ன வகுப்புகள் வரப்போகின்றன.

பழைய கட்டடத்துக்குக் கைப்பிடி போட்டதும் இவர்தான். காகிதத்தில் எழுதுவது ஒரு கனம், கடையில் வாங்கும் பைப் இன்னொரு கனம். வெல்டிங்கும் பேருக்குத்தான். போன வருஷம் அதில் சாய்ந்து நின்ற ஒரு குழந்தை, கைப்பிடியோடு சேர்ந்து கீழே போய்விட்டது.

ஏறி விளையாடியது, விழுந்தது என்று எழுதிக் கேஸை மூடினார்கள். குழந்தையின் அப்பாவே புகார் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு மற்றவர்களுக்கு என்ன வந்தது?

“இந்தத் தடவையாவது நல்ல பைப்பா போடுங்க,” என்று நேற்றே சொல்லிப் பார்த்தேன்.

“கட்டுப்படியாகாதும்மா,” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவருடைய கட்டை அவர் பக்கம் தள்ளினேன். நின்றபடியே மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

ஒரு பக்கத்தில் மட்டும் பேனா நின்றது. ‘நாங்கள் இதுவரை செய்த வேலைகளில் உயிரிழப்பு ஏதும் நேரவில்லை’ என்ற உறுதிமொழி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மை வராததுபோல் பேனாவை இரண்டு உதறு உதறினார். பிறகு போட்டுவிட்டார்.

மை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

என் கட்டை அவர் தொடவே இல்லை. தோற்கப்போகிற டெண்டரை யார் புரட்டிப் பார்ப்பார்கள்?

அவர் வண்டிச் சாவியைத் தேடப் போனார். சீல் குத்துவது யார் என்று முன்பெல்லாம் இந்த வீட்டில் பெரிய சண்டையே நடக்கும். இப்போது சண்டை இல்லை. இரண்டு கம்பெனிக்கும் நானே குத்தி, உறையில் போட்டு, ஒட்டினேன்.

ஆபீஸில் மின்விசிறி காகிதங்களைப் பறக்கவிடப் பார்த்தது. அதிகாரி என் உறையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, இவருடையதை முதலில் பிரித்தார். பலமுறை பார்த்த நாடகம், அவருக்கும் சீக்கிரம் முடித்தால் தேவலை. இவர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புரட்டிக்கொண்டே வந்த அதிகாரியின் விரல் நின்றது.

“என்ன சார், உறுதிமொழில கையெழுத்தே இல்ல?”

இவர் எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். காலியான இடத்தை விரலால்கூடத் தடவிப் பார்த்தார்.

அதிகாரிக்கும் சங்கடம்தான். ஆனால் கிளார்க்குகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஓரத்தில் கிடந்த என் உறையை எடுத்தார்.

அதில் ஒரு பக்கம் பாக்கியில்லாமல் கையெழுத்து இருந்தது. கனமான பைப்புக்கு என்ன ஆகுமோ அந்தத் தொகை இருந்தது. உறுதிமொழியிலும் போட்டிருந்தேன். என் கம்பெனி இதுவரை எந்த வேலையும் செய்ததில்லை, அதனால் யாரும் சாகவில்லை. எனக்குக் கை கூசவில்லை.

“தேறியது ஒன்று,” என்று கிளார்க்கிடம் எழுதச் சொன்னார் அதிகாரி.

வராந்தாவில் இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது.

“நான் போட்டேன். நீ பாத்துட்டுதானே இருந்தே? நான் போட்டேன்ல?”

உறையில் கையெழுத்தில்லாத நகலை வைத்துவிட்டு நான் உருவி வைத்திருந்த அந்தப் பக்கத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் போட்ட கையெழுத்து அதில் பத்திரமாக இருந்தது.

“போட்டீங்க,” என்றேன். “போன வருஷம் ஆஸ்பத்திரி வாசல்ல, புகார் இல்லன்னும் போட்டுக் குடுத்தீங்க. நம்ம பாப்பாவ அப்ப உள்ளேருந்து வெளியகூடக் கொண்டு வரல. அன்னிக்கும் இதே மாதிரிதான் பேனாவ உதறுனீங்க.”