காது இல்லாத வண்டி

"அக்கா, மூணு மாசம். இன்னும் யாருக்கும் தெரியாது," என்றாள் ஜனார், கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு. ஓட்டுநர் இல்லாத அந்த டாக்சி, பனி கொட்டும் அல்மாட்டி நகர வீதியில் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

"வயிறு தெரியிற வரைக்கும் நீயும் வாயைத் தெறக்காதேக்கா, ஊர்க்கண்ணு பொல்லாதது. அவருக்கே நான் சொல்லல. ஜெயில்ல உக்காந்து அழுவாரு."

இறங்கிய பிறகுதான் கைப்பேசியை ஆன் செய்து, வக்கீல் ரௌஷானை அழைத்தாள். "கம்பெனி ஆளை நாளைக்கு வரச் சொல்லுங்கக்கா. பேசிப் பாப்போம்."

அவள் கணவன் எர்போல் அந்த டாக்சிக் கம்பெனியில் வேலை பார்த்தவன். வண்டிக்குள் பயணிகள் பேசுவதைக் கம்பெனி ஒட்டுக் கேட்கிறது என்று வெளியே சொல்லிவிட்டான். சும்மா விடுவார்களா? பொய்ப் பிரசாரம் என்று வழக்குப் போட்டு உள்ளே தள்ளிவிட்டார்கள். கையில் ஆதாரம் இல்லை, திங்கட்கிழமை தீர்ப்பு.

மறுநாள் வக்கீல் அறைக்கு வந்த கம்பெனி அதிகாரி கைரத், தேனாகப் பேசினார்.

"பேசறதைப் பதிவு பண்ணிக்கலாமா?" என்றார் ரௌஷான், தேநீர் ஊற்றியபடி.

"தாராளமா! ஒளிக்க என்ன இருக்கு? வண்டிக்கு ஏதும்மா காது? கேமரா ரோட்டைப் பாக்கும், அவ்வளவுதான். 'பொய் சொன்னேன்'னு ஒரு கையெழுத்து. உன் புருஷன் நாளைக்கே வீட்டுக்கு வந்துடுவான்."

"பொய் சொன்னது அவரில்லண்ணே."

"அப்போ அஞ்சு வருஷம் உள்ள கெடக்கட்டும்!"

ஜனார் தலை குனிந்தாள். ஒரு வினாடி, கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

கைரத் குரலை இறக்கினார். "வீம்பு பண்ணாதே தங்கச்சி. வயித்துல இருக்கிற புள்ள, அப்பன் மொகத்தைப் பாக்க வேணாமா?"

ரௌஷானின் கை அப்படியே நின்றது. பிறகு கைரத்தின் கோப்பையை விளிம்புவரை நிரப்பினார். 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அந்த ஊர் வழக்கத்தில் அதற்கு அர்த்தம்.

"என்னம்மா? நல்லதுதானே சொன்னேன்?" கைரத் கோப்பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜனார் நிமிர்ந்தாள்.

"வயித்துல ஒண்ணும் இல்லண்ணே. அந்தப் பொய்யை உங்க வண்டிக்குள்ள மட்டுந்தான் சொன்னேன்."